பெறுநர்: வெயிலுமுத்து

'சேர்ந்துவிட்டது. படிக்கப்பட்டது.'

அந்தத் திரையில் பச்சை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அனுப்பினார்களாம். அந்த நிமிடமே சேர்ந்துவிட்டதாம். பதின்மூன்றில் படித்தும் ஆயிற்றாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரையைப் பிடுங்கித் தரையில் அடித்திருப்பேன். கனி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்தேன்.

கனி என்கிற சண்முகக்கனி என் தம்பி பெண்டாட்டி. முப்பத்தாறு வயது. இரண்டு சிறுநீரகமும் செத்துப்போய், மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் கோவில்பட்டியில் டயாலிசிஸ் செய்து உயிரை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு இருபத்தெட்டு மாதமாகக் காத்திருந்தோம். அவள் ரத்த வகைக்கு லேசில் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மாதப் பரிசோதனைக்காக மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். வந்த இடத்தில், ஏதோ கல்யாணத்துக்கு வராததைக் கேட்கிற மாதிரி, ஒருங்கிணைப்பாளர் தாமரைச்செல்வி கேட்டார்.

"ஏம்மா செவ்வாய்க்கிழமை வரல?"

"எதுக்கு மேடம்?" என்றாள் கனி.

"உங்களுக்குக் கிட்னி வந்துச்சேம்மா. மூணு மணி நேரம் பாத்துட்டு அடுத்த பேருக்குக் குடுத்துட்டோம்."

நான்தான் கத்தினேன். நான் முப்பிடாதி. ஐம்பத்தொரு வயது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர், அது பொய்யுமில்லை.

"வந்துச்சா? யாருக்குச் சொன்னீக? செவ்வாக்கிழம பத்து மணிக்கு இவ டயாலிசிஸ் கட்டில்ல படுத்திருந்தா. போனு நெஞ்சு மேல கிடந்துச்சு, பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு சத்தம் வரலியே!"

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில்தான் அந்தப் பச்சை எழுத்து.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நாங்க போன் பண்ணக் கூடாதும்மா. ஆஸ்பத்திரின்னு சொல்லி, பேங்க்னு சொல்லி ஏமாத்துறது அளவில்லாமப் போனப்புறம் சட்டமே போட்டுட்டாங்க. மெசேஜ்தான். அதையும் நான் அனுப்புறதில்ல, மெஷின் அனுப்பும். மூணு மணி நேரத்துல 'வர்றேன்'னு பதில் குடுத்து இங்க வந்து சேரலைன்னா மெஷினே அடுத்த ஆளைப் பாத்துப் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா பேரு பட்டியல்ல கடைசிக்குப் போயிரும்மா. ஒரு தடவை ஆயிருச்சு."

கடைசி என்றால் எத்தனை வருடம் என்று கேட்டேன். அவர் கனியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். எனக்குப் புரிந்தது. கனிக்கும் புரிந்தது. அவள் உடம்பு அத்தனை வருடம் தாங்காது.

"அடுத்தது எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. ஒரு வருசம் ஆகலாம். நாளைக்கேகூட வரலாம்."

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே கோவில்பட்டி ஆள்தேடி சேவை மையத்தின் வாசலில் நின்றோம்.

ஆள்தேடி வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் அதைப் புகழாத வாய் இல்லை. இனிமேல் நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், செய்தி உங்களைத் தேடிக்கொண்டு வரும் என்றார்கள். வரத்தான் செய்தது. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் முதுகில் வந்தது, கடைக்குப் போனால் தராசுக் கண்ணாடியில் வந்தது, வேலை செய்கிற இயந்திரத்தின் திரையில்கூட வந்தது. நான்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். கனி மாதிரிப் பழைய போனை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு அதிலும் வந்துகொண்டிருந்தது.

மையத்தில் இருந்த பெண்ணின் சட்டையில் பிரவீணா என்று பெயர் குத்தியிருந்தது. கனியின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே மேடம் போகுது. நேத்துகூட ஒன்பது மெசேஜ் டெலிவரி ஆயிருக்கு."

"எங்கம்மா ஆயிருக்கு? இந்தா போன். ஒண்ணக் காட்டு."

"மேடம், மெசேஜ் இப்ப நம்பருக்குப் போறதில்ல, ஆளுக்குப் போகுது. நீங்க யாரையாவது போன்ல கூப்பிட்டா அது நம்பருக்குப் போகும், இந்தக் கையில இருக்குற போன் அடிக்கும். ஆனா எழுத்து எல்லாம் ஆளைத் தேடிப் போகும்."

"சரி, ஆளு இந்தா நிக்காளே. இவளைத் தேடத் தெரியலையா?"

"இவங்க ஆள் இல்ல மேடம்."

எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "என்னட்டி சொன்ன?"

"கோவிச்சுக்காதீங்க. ஆறு வருசத்துக்கு முன்னாடி பழைய நம்பரை எல்லாம் மாத்தினாங்கல்ல, அப்ப எந்த நம்பர் யார் பேர்ல வாங்கியிருக்கோ அவங்களையே அந்த நம்பரோட ஆளா சேத்துட்டாங்க. கோடிக்கணக்கான நம்பர், ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேக்க முடியுமா? இந்த நம்பர் வாங்கினது..." திரையைப் பார்த்துப் படித்தாள். "வெயிலுமுத்து. உங்க வீட்டுக்காரரா?"

வெயிலுமுத்து என் தம்பி. கூடப்பிறந்த பாவத்துக்கு அப்படிச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. கனிக்கு நோய் வந்து ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தான். அப்புறம் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனான். போனவன் அங்கேயே கோகிலா என்று ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். இரண்டு வருடமாக இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. நானும் அவனோடு பேசுவதில்லை. கனியை நான் என் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

"ஆறு வருசமா இப்படின்னா, மொத நாலு வருசம் இவளுக்கு ஒழுங்கா மெசேஜ் வந்துச்சே, அது எப்படி?" என்று கேட்டேன்.

"ஒரே வீட்ல இருந்திருப்பாங்க. ஆள் இருக்குற வீட்ல உள்ள எல்லாத் திரையிலயும் காட்டும். அதனால தெரிஞ்சிருக்காது. அவர் வீட்டை விட்டுப் போனதும் மெசேஜும் அவர்கூடப் போயிருச்சு."

சொல்கிற அவளுக்கு அது ஒரு விவரம், அவ்வளவுதான். அடுத்த டோக்கனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் கனி பேசினாள்.

"அப்ப எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"டெய்லி வந்திருக்கு மேடம்."

கனி என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா ஒருத்தரும் எனக்கு ஒரு வார்த்த அனுப்பல மதினி. நான் அனுப்புன ஒண்ணு ரெண்டுக்கும் பதில் இல்ல, அப்புறம் நானும் விட்டுட்டேன். சீக்காளின்னு எல்லாரும் ஒதுக்கிட்டாகன்னு நெனச்சேன். கேட்டா அசிங்கம்னு உங்ககிட்டகூடச் சொல்லல."

நான் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். எதுவாக இருந்தாலும் அடுப்படியிலிருந்து கத்தினால் போதும், எனக்கும் அவளுக்கும் நடுவில் மெசேஜ் எதற்கு? அதனால் எனக்கும் தெரியாமல் போயிற்று. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அழுதால் வேலை நடக்காது என்று பிரவீணாவின் பக்கம் திரும்பினேன்.

"இந்தா, இவ கார்டு. இவ ரேகை. இப்பவே இவ பேருக்கு மாத்து."

"மாத்தலாம் மேடம். ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னா போதும்."

"யாருக்கு வரும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆளுக்குத்தான்."

"ஆளுன்னா?"

"வெயிலுமுத்து சாருக்கு."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அவன்தான் விட்டுட்டு ஓடிட்டானே! ஓடுனவன்கிட்டப் போயி, ஐயா ராசா, ஒன் பொண்டாட்டியை ஆளுன்னு ஒத்துக்கோன்னு கேக்கணுமா?"

"இல்லைன்னா கோர்ட் ஆர்டர் வேணும், ஆறு மாசம் ஆகும். அவர் இறந்திருந்தா ஈஸி மேடம். சர்டிபிகேட் குடுத்தா அன்னைக்கே மாத்திரலாம்."

"அப்படியா? ஒரு நாள் பொறு. போயி முடிச்சுட்டு வாரேன்."

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் அன்று மதியமே கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். கனியை எதிர்வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, விண்ணப்பத்தில் அவள் ரேகையை வைத்து மையத்தில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். ஆறு மணி நேரப் பயணம். என் முன் சீட்டின் முதுகில் எனக்கு வந்த செய்திகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, சீட்டு எடுத்த ஊர் வந்துகொண்டிருக்கிறது, அத்தை மகள் பேரனுக்குக் காதுகுத்து. எதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ராத்திரியை பஸ் ஸ்டாண்டில் கழித்துவிட்டு, சொந்தக்காரர்களிடம் வாங்கின விலாசத்தைத் தேடிப் போனேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயிலுமுத்து வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"யக்கா... என்ன திடீர்னு? கனிக்கு எதுவும்...?"

"ஏன், செத்துட்டாளான்னு கேக்கியா? இன்னும் இல்ல. செவ்வாக்கிழம பத்து மணிக்கு ஒனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சுல்லா, அதப் படிச்சியா?"

"எந்த மெசேஜ்?"

"கிட்னி வந்துருக்கு, ஒடனே வான்னு."

அவன் யோசித்தான். பாவி, யோசித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது அவனுக்கு. "லேத்துல நிக்கும்போது மிஷின் திரையில என்னமோ வந்துச்சுக்கா. ஆஸ்பத்திரி பேரு போட்டு. தள்ளி விட்டுட்டேன். ஒரு நாளைக்கு ஒம்பது பத்து வருதுக்கா. மாத்திர தீந்துருச்சு, ரேசன்ல பருப்பு வந்துருச்சு, யாரு வீட்டுலயோ சடங்கு... எல்லாம் அவளோடது. படிச்சுக்கிட்டு இருந்தா வேல ஓடுமா? அவளுக்கும் அங்க வரும்லா, அவ பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்."

"சரி, அவளுக்கும் வரும்னே வச்சுக்கிடுவோம். கிட்னிக்கு வான்னு ஆஸ்பத்திரி கூப்பிடுதது கண்ணுல படுது. நாலு வார்த்த போன் பண்ணி, போனியா புள்ள, நல்லபடியா முடிஞ்சுதான்னு கேக்கணும்னு தோணலையாலே ஒனக்கு?"

"பேச எனக்கு மூஞ்சி இல்லக்கா."

விட்டேன் ஒரு அறை. நாற்பது வயது ஆம்பளை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். அவள்தான் கோகிலா. அவளுக்கும் ஒன்று வைத்திருந்தேன். ஆனால் அவள் என்னைத் தடுக்க வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நின்றிருக்கிறாள்.

"அக்கா, நெசமாலுமே அவங்களுக்கு ஒண்ணுமே வரலைங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு எழுத்து வரல."

"அய்யோ. நானு ரெண்டு பக்கமும் வருதாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. இந்த மனுசன் வேணும்னே அவங்க போனை வேவு பாக்கறாருன்னு சொல்லித் தெனமும் சண்டைதானுங்க. சுவத்துத் திரையைத் தொறந்தா அவங்க மெசேஜுதான் நிக்கும். ஞானசெல்வின்னு ஒருத்தங்க, அவங்ககூடப் படிச்சவங்களாட்ட இருக்குது, ஏன்டி பேச மாட்டீங்கற, கூப்பிட்டா வெச்சுருவியோன்னு பயமா இருக்குது, நானு என்ன தப்புப் பண்ணுனேன்னு நாப்பது தடவைக்கு மேல கேட்டாங்க. போன தையில, சரி, இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு ஒண்ணு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அவங்ககிட்டருந்து ஒண்ணுமே வரலைங்க." கோகிலாவுக்குக் கண் கலங்கியது. "இவங்க என்ன இத்தன கல் மனசான்னு நானு உங்க கனியத்தானுங்க திட்டுனேன்."

ஞானசெல்வியை எனக்குத் தெரியும். கனியின் கல்யாணத்தில் மூன்று நாள் கூடவே இருந்து பூக்கட்டினவள். அவள் பெயரைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது. தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"எத்தன பேரைலே அவகிட்டருந்து பிரிச்ச? ஒன் பேருல சிம்மை வாங்கிக் குடுத்து, அவ உசிரையே கையில வச்சுக்கிட்டு, தள்ளி விட்டேன்னு சொல்லுதியே, வெக்கமா இல்ல?"

அப்போதுதான் அவன் தலையை நிமிர்த்தினான். கன்னம் சிவந்திருந்தது.

"என் பேருல வேணும்னு நானாக்கா கேட்டேன்? கல்யாணமாகி மூணாம் நாளு அவ ஒங்கடைக்கு வந்து நின்னா. என் கார்டை வாங்கிட்டு வரச் சொன்னது நீ. பாரம் எழுதுனது நீ. என் ரேகையை வாங்குனதும் நீதான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மந்தித்தோப்பு ரோட்டில் பதினோரு வருடம் போன் கடை வைத்திருந்தேன். ரீசார்ஜ், சிம், கவர், சார்ஜர். அந்தப் பக்கத்தில் பெண் நடத்திய ஒரே கடை என்பதால் பெண்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் கார்டில் பிறந்த வீட்டு முகவரி இருக்கும். அதை வைத்துச் சிம் கேட்டால் முகவரி ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், நாலு நாள் இழுக்கும். புருஷன் கார்டு என்றால் ஐந்து நிமிடம். பெண் பேர் வெளியே போக வேண்டாம் என்று மாமியார்கள் வேறு சொல்வார்கள். நானும், "அதெல்லாம் எதுக்கு இழுத்துக்கிட்டு, அவுக கார்டை எடுத்துட்டு வா, இப்பவே போட்டுத் தாரேன்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். முப்பிடாதி கடையில் ஐந்தே நிமிடத்தில் சிம் என்று எனக்கு ஒரே பெருமை. எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள்! ஒருத்தி பேரைக்கூட நான் பாரத்தில் எழுதவில்லை.

என் சிம் மட்டும் என் பேரில் இருக்கிறது. கடைக்காரிக்கு அவள் பேரில்தான் இருக்க வேண்டும் என்று நாலு நாள் பொறுத்திருந்து வாங்கினேன். அப்போது தெரிந்திருக்கிறது எனக்கு.

அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? அடிக்கக் கை ஓங்கினால் என் கன்னத்தில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தேன். கோகிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

"ஓடிபி வரும். சொல்லித் தொலை" என்றேன்.

மையம் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பிரவீணாவுக்குப் போன் போட்டேன். சுவர்த் திரையில் ஆறு எண்கள் வந்தன. வெயிலுமுத்து ஒவ்வொன்றாகச் சொன்னான். முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் பிரவீணா சொன்னாள். "ஓகே மேடம். மாறுறதுக்கு ஏழு நாள் ஆகும்."

"ஏழு நாளா? எதுக்கு?"

"மோசடித் தடுப்பு மேடம். யாராவது ஏமாத்தி மாத்தியிருந்தா பழைய ஆள் புகார் குடுக்கறதுக்கு டைம் குடுக்கணும்ல."

"அந்த ஏழு நாளும் மெசேஜ்?"

"பழைய ஆளுக்குத்தான் போகும்."

என்ன பேசினேன் என்று எழுதக் கூடாது. அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் அன்றைக்கு என் வாய்க்கு அவள்தான் கிடைத்தாள்.

நான் திரும்பியே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை கனிக்கு டயாலிசிஸ், கூட ஆள் வேண்டும். இங்கே இவன் காலையில் வேலைக்குப் போய் லேத்து முன் நின்றுகொண்டு, வருகிறதை எல்லாம் தள்ளி விடுவான். என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது கோகிலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்க போங்கக்கா. ஏழு நாளைக்கு இவரு வேலைக்குப் போகறதில்ல. இந்த வூட்டத் தாண்டறதில்ல. இந்தக் கட்டல்லயே உக்காந்திருப்பாரு. ஆளுக்குத்தான வரும்? ஆளை நானு கண்ணு முன்னாடியே வெச்சிருக்கறன். வர்றதை நானு படிக்கறன்."

"ஏழு நாள் லீவு போட்டா கம்பெனில என்ன சொல்லுவாங்க கோகி..." என்று இழுத்தான் அவன்.

"பேசாத உக்காருங்க." என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டவள், மெதுவாகக் கேட்டாள். "அக்கா, என்ர சிம்மும் இவரு பேருலதானுங்க. நாளைக்கு என்னையும் உட்டுட்டுப் போனாருன்னா?"

"நாளைக்கே போயி ஒன் பேருல மாத்து" என்றேன். அவளை வைய வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். அதற்கு மனம் வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் மூன்று வேளை கோகிலா கனிக்குப் போன் செய்தாள். வந்த செய்திகளை எல்லாம் படித்துக் காட்டினாள். ஒருத்தி புருஷனோடு இன்னொருத்தி குடித்தனம் நடத்த, அவன் கட்டிலில் தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்க, அவனுக்கு வந்து விழுகிறதை அவள் எடுத்து இவளுக்குப் படிக்கிற கூத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஞானசெல்வியின் பழைய செய்திகளையும் கனி கேட்டு வாங்கினாள். ஒன்றுவிடாமல் படிக்கச் சொன்னாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆறாவது நாள், சனிக்கிழமை. பன்னிரண்டரை மணிக்குக் கனி போன் அடித்தது. அந்தப் பக்கம் கோகிலா கத்திய கத்தல் எனக்கே கேட்டது.

"வந்திருச்சுங்க! கெளம்புங்க! பன்னண்டு இருபத்தெட்டுக்கு வந்துச்சுங்க, மூணு இருபத்தெட்டுக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கோணுமாம். 'வர்றேன்'னு இவரு பதில் குடுத்தாச்சு. நானு கைய புடிச்சு அமுக்க வெச்சனுங்க!"

கனி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "மதினி, எனக்குப் பயமாருக்கு" என்றாள். "பயப்படுததை வண்டில உக்காந்து பயப்படு" என்று சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி மகன் வண்டியை எடுத்தான். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம். வழியில் இரண்டு இடத்தில் நெரிசல், இரண்டு இடத்திலும் நான் இறங்கிப் போய்க் கத்தி வழிவிட வைத்தேன். இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

தாமரைச்செல்வி திரையையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பதில் அனுப்பினது கோயம்புத்தூர்ல இருந்து வெயிலுமுத்துன்னு காட்டுதேம்மா. ஆளு யாரு?"

"அது தபால் பெட்டி மேடம்" என்றேன். "ஆளு இவ. ரத்தத்த எடுத்துப் பாருங்க, தெரியும்."

பார்த்தார்கள். ஐந்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாமரைச்செல்வி வெளியே வந்து, "மூத்திரம் நல்லாப் போகுதும்மா. கிட்னி வேல செய்யுது" என்றார். மூன்று வருடமாக நான் காதில் கேட்காத வார்த்தை. அந்த நடைபாதையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கோகிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் அழுதாள். பின்னால் வெயிலுமுத்து என்னவோ கேட்டான், அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

அழுது முடித்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த அன்றே பரணில் ஏறித் தேடி எடுத்தது. கடையில் சிம் வாங்கினவர்களுக்காக நான் வைத்திருந்த பதிவு. வாங்க வந்தவள் பேரைப் பென்சிலில் ஓரமாக எழுதியிருந்தேன். யார் கார்டில் வாங்கினாளோ அந்தப் பேரைப் பேனாவில் பெரிசாக எழுதியிருந்தேன். பென்சில் பேர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எத்தனை பேர் புருஷனோடு இருக்கிறார்கள், எத்தனை பேரின் புருஷன் வெளியூர் போனான், எத்தனை பேருக்கு எது வந்து எவன் தள்ளி விட்டானோ, யாருக்குத் தெரியும்? மெசேஜ் அனுப்பிப் புண்ணியமில்லை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போகாதே. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

முதல் பேர் பாக்கியத்தாய். எண்ணைப் போட்டேன். நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தார்கள். ஆண் குரல்.

"அலோ, யாரு?"

"பாக்கியத்தாய் போனு தானே? அவகிட்டக் குடுங்க."

"அவ அடுப்படில வேலையா இருக்கா. எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

"ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு இல்ல. அவகிட்டத்தான் பேசணும்."

"நான் அவ வீட்டுக்காரன்தாம்மா. எங்கிட்டச் சொன்னா என்ன, அவகிட்டச் சொன்னா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"ஒண்ணு இல்ல! போனைக் கொண்டுபோயி அவ கையில குடுய்யா!"

செருப்புச் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளுகிற சத்தம், 'யாரோ பொம்பள, கிறுக்கு மாதிரி கத்துது' என்று அவன் சொல்வது, அதற்கப்புறம் ஈரக் கையோடு போனை வாங்குகிற ஒருத்தியின் மூச்சு.

"நான்தான் பாக்கியம் பேசுதேன். யாரு?"

"தாயி, நான் மந்தித்தோப்பு ரோட்டுப் போன் கடை முப்பிடாதி" என்றேன். "ஒனக்கு நான் ஒரு தப்புப் பண்ணிருக்கேன். சொல்லுதேன், கேளு."